மேல்பாய் தளரட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது அக்கா மகன் எனக்கு முன்னாலேயே முற்றத்தில் வந்து நின்றிருந்தான். பாய்ப் பையைத் திண்ணையிலிருந்து இறக்கி, தென்னை மூட்டில் சாய்த்து வைத்திருந்தான். "இன்னைக்கி பாய் கெட்டச் சொல்லித் தருவியளா மாமா?" என்று கேட்டான். 16 வயது. ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். சரி, இன்று தண்ணீர்ப் பக்கமே போக வேண்டாம், பகல் முழுவதும் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருக்கலாம் என்று உட்கார்ந்தோம். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். விண்ட்சர்ஃபிங், அதாவது பாய் பொருத்திய பலகையில் நின்றபடி காற்றில் தண்ணீரின் மேல் போவது, அதைக் கற்க வருகிற பலர் போர்டின் மேல் ஏறி நிற்பதைத்தான் பாடம் என்று நினைக்கிறார்கள். பாதிப் பாடம் கரையிலேயே இருக்கிறது.

எங்கள் ஊர் நீரோடி. தமிழ்நாட்டு மேற்குக் கரையில் கடைசி ஊர். வடக்கே நடந்தால் பொழியூர், அதைத் தாண்டினால் பூவாறு, இரண்டும் கேரளம். நெய்யாறு கடலில் சேருகிற பூவாற்றுப் பொழியில்தான் நான் பாய் விடுகிறேன். மணல் திட்டுக்கு வெளியே கடல் அடித்துக்கொண்டிருக்கும், உள்ளே தண்ணீர் அமைதியாக இருக்கும். மதியத்துக்கு மேல் கடற்காற்று திட்டைத் தாண்டி உள்ளே வரும். புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல அமைப்பு இல்லை. கை தவறினாலும் காற்று கரைக்குத்தான் தள்ளும். காலையில் கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றில் மட்டும் யாரும் பழக வேண்டாம். அது எவ்வளவு மென்மையாக இருந்தாலும் கூட்டிக்கொண்டு போய்விடும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் எங்கள் தூத்தூர்ப் பக்கத்து ஊர்களில் எத்தனை பேரைக் கொண்டுபோனது என்று எங்களுக்குத் தெரியும். காற்றைப் பற்றி இங்கே யாரும் லேசாகப் பேசமாட்டோம். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் அக்கா மகனை முழங்கால் தண்ணீரில்கூட இறங்க விடுவதில்லை.

நான் இதைப் படித்தது துபாயில். ஒரு ஹோட்டலின் கடற்கரையில் 7 வருடம் வேலை பார்த்தேன். முதலில் குடை விரிப்பதும் துண்டு மடிப்பதும்தான் வேலை. மீனவர் வீட்டுப் பையன் என்று தெரிந்ததும் படகு, போர்டு இருக்கிற கொட்டகைக்கு மாற்றினார்கள். ஊருக்குத் திரும்பும்போது பழைய போர்டு ஒன்று, பாய் இரண்டு, பாயைத் தாங்கும் கம்பமான ஒரு மாஸ்ட், கையால் பிடிக்கிற சட்டமான ஒரு பூம் எல்லாவற்றையும் வாங்கி, கார்கோவில் போட்டு அனுப்பினேன். போர்டின் கன அளவு 200 லிட்டர், நடுவில் தண்ணீருக்குள் இறக்கி ஏற்றும் டாகர்போர்டு என்ற பலகை உள்ளது. அகலமானது, நின்றால் ஆடாது. பாயில் பெரியது 5.3 சதுர மீட்டர், சின்னது 4.5. எடை 65, 70 கிலோ இருப்பவருக்கு, 8 முதல் 12 நாட் காற்றில், அதாவது மணிக்கு 15 முதல் 22 கிலோமீட்டர் காற்றில், பழக இந்த அளவுகள் போதும்.

முற்றத்தில் முதலில் ஒரு ஓலைப்பாயை விரித்தோம், அதன்மேல் இந்தப் பாயை. நாம் படுப்பதும் பாய், கடலில் போவதும் பாய். அக்கா மகன் அன்றுதான் அதை முதல் முறையாகக் கவனித்தது போலச் சிரித்தான். விரிப்பு எதற்கு என்றால், இந்தப் பாயின் பெரும் பகுதி துணி அல்ல, கண்ணாடி மாதிரியான பாலியெஸ்டர் படலம். சிப்பித் துண்டின் மேல் இழுத்தால் கீறும், மடித்தால் மடிப்பிலேயே வெடிக்கும். வெயிலில் வருடக் கணக்கில் கிடந்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். கட்டி முடித்ததும் நிழல், அவிழ்த்ததும் பை.

மாஸ்ட் இரண்டு துண்டு, ஒன்றுக்குள் ஒன்று செருகுவது. செருகுவதற்கு முன் மூட்டு இரண்டையும் ஈரத்துணியால் துடைத்து, விரலை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு மணல் துகள் போதும். போன வருடம் அவசரத்தில் துடைக்காமல் செருகிவிட்டேன். அவிழ்க்கும்போது வரவில்லை. நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து எதிரெதிராகத் திருக, மூட்டில் நல்ல தண்ணீர் ஊற்றி ஊற வைத்து மறுபடி திருக, மாலையாகிவிட்டது. செருகியபின் மூட்டில் இடைவெளி தெரியக்கூடாது. இடைவெளியோடு பாயை இழுத்துக் கட்டினால் மாஸ்ட் அந்த இடத்தில்தான் பிளக்கும்.

அப்புறம் கணக்கு. பாயின் அடிப்பக்கம் இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும். என் பெரிய பாயில் லஃப் 422, பூம் 172. லஃப் என்பது மாஸ்ட் நுழைகிற முன்விளிம்பின் நீளம், சென்டிமீட்டரில். என் மாஸ்ட் 400. மீதி 22 சென்டிமீட்டரை மாஸ்டின் அடியில் செருகுகிற எக்ஸ்டென்ஷன் கொடுக்க வேண்டும். அதில் 2 சென்டிமீட்டருக்கு ஒரு துளை இருக்கும். வளையத்தை 22இல் பூட்டினால் சரி. பூமையும் அப்படியே 172க்கு நீட்டிப் பூட்டிக்கொள்ளலாம், பிறகு ஓரிரு சென்டிமீட்டர் கூட்டிக் குறைக்கலாம். இந்த எண்களைப் பார்க்காமல் கண் அளவில் கட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாய் செய்தவர் ஒரு குறிப்பிட்ட நீளத்துக்கும் வளைவுக்கும்தான் அதை வெட்டியிருக்கிறார். 430 மாஸ்டுக்கான பாயை 400இல் கட்டினாலும் பாய் நிற்கும், ஆனால் வெட்டிய வடிவம் வராது. மாஸ்டிலும் பருமன் இரண்டு வகை. அடியில் 48 மில்லிமீட்டர் உள்ளது ஒன்று, 32 மில்லிமீட்டர் உள்ள மெல்லியது ஒன்று. எக்ஸ்டென்ஷனும் பூம் பிடியும் எந்த வகைக்கு என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாஸ்டைப் பாயின் உறைக்குள் விடுவது தலையணைக்கு உறை போடுவது போலத்தான், அவசரப்படாமல் சுருக்கிச் சுருக்கி ஏற்ற வேண்டும். உச்சியில் தொப்பிக்குள் முனை போய் உட்கார்ந்ததா என்று கையால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் அடிக்கு வர வேண்டும். அடியில் எக்ஸ்டென்ஷனைச் செருகி, பாயைக் கீழ்நோக்கி இழுக்கும் டவுன்ஹால் கயிற்றைப் பாயின் கப்பிக்கும் எக்ஸ்டென்ஷன் உருளைக்கும் மாற்றி மாற்றிக் கோர்க்க வேண்டும். ஒரு சுற்று இன்னொன்றின் மேல் ஏறக்கூடாது. ஏறினால் எவ்வளவு பலம் கொடுத்தாலும் கயிறு கயிற்றைத்தான் உரசும். கோர்த்ததும் பாதி அளவு இழுத்து நிறுத்திவிடுங்கள். பூமை மாட்டிய பிறகுதான் முழு இழுப்பு.

பூம் மாஸ்டைக் கவ்வுகிற இடத்துக்கு உறையில் வெட்டு விட்டிருப்பார்கள். போர்டின் மேல் நிற்கும்போது பூம் தோளுக்கும் தாடைக்கும் நடுவில் வர வேண்டும். முதல் நாட்களில் தோள் உயரமே நல்லது. பிடியின் நெம்புகோல் உள்ளங்கை அழுத்தத்தில் மூட வேண்டும். லேசாக மூடினால் நடுத் தண்ணீரில் பூம் இடுப்புக்கு இறங்கிவிடும், சுத்தியல் தேவைப்படுகிற அளவுக்கு இறுக்கினால் மாஸ்ட் நசுங்கும்.

இனிதான் முக்கியமான விஷயம். இதைச் சொல்லத்தான் முழுவதையும் எழுதுகிறேன்.

துபாயில் கொட்டகைக்கு மாறிய முதல் வாரம், பாய் கட்டுவதில் எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்று நம்பினேன். அப்பா கட்டுமரத்தில் பாய் விட்டுப் போன காலத்தில் நான் சிறுவன். பாய் தைப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். நல்ல பாய்க்கு அவர் சொன்ன அடையாளம், காற்று பிடித்தால் விளிம்பு படபடக்கக் கூடாது. அதனால் ஹோட்டலிலும் அப்படியே கட்டினேன். டவுன்ஹாலைக் கொஞ்சம் இழுத்து, பாயின் பின்மூலையைப் பூம் நுனிக்கு இழுக்கிற அவுட்ஹால் கயிற்றை நன்றாக இறுக்கி, மேலிருந்து கீழ் வரை பின்விளிம்பு கம்பி மாதிரி நிற்க வைத்தேன். கரையில் பார்க்க அழகாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போன விருந்தாளி அரை மணி நேரத்தில் போர்டைத் தள்ளிக்கொண்டு நடந்தே திரும்பினார். பின்கை விட்டுப்போகிறது, பாய் பிடுங்குகிறது, காற்று அதிகம் என்றார். காற்று 11 நாட்தான். அன்று பயிற்சியாளர் என்னைத் திட்டவில்லை. பாயைக் கிடத்தி, மணலில் உட்கார்ந்து, எக்ஸ்டென்ஷனின் அடியில் காலை ஊன்றி, நான் இழுத்து வைத்திருந்த டவுன்ஹாலை மேலும் ஒரு கை அளவு இழுத்தார். மாஸ்ட் வில் மாதிரி வளைந்தது. மேலே பின்விளிம்பு தளர்ந்து தொங்கியது. பாய் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். அதே காற்றில், அதே விருந்தாளி மறுபடி போனார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தார்.

காரணம் இதுதான். காற்று ஒரே சீராக வருவதில்லை, வீச்சு வீச்சாக வருகிறது. மேல்பகுதி தளர்ந்திருந்தால் வீச்சு வரும்போது அது தானாக விலகி, கூடுதல் காற்றை வெளியே விடுகிறது. மீதி இழுப்பு கீழே, உங்களுக்குப் பக்கத்திலேயே, முன்பக்கமாக நிற்கிறது. மாஸ்ட் வளையாமல், விளிம்பு முறுக்கமாக இருந்தால் காற்றுக்கு வெளியே போக வழி இல்லை. இழுப்பு மேலேயும் பின்னாலேயும் நகரும். பின்கை வலிக்கும், பாய் உங்களைத் தூக்கி முன்னால் எறியும். கற்க வந்தவர் தனக்குப் பலம் இல்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். அப்படிப் போனவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தம்தான். கயிறு ஒரு சாண் குறைவு, அவ்வளவுதான் அவர்களுடைய பிரச்சினை.

எப்படி இழுப்பது? கையால் இழுத்தால் வராது. கயிற்றை உள்ளங்கையில் சுற்றவே கூடாது, அறுத்துவிடும். நான் ஒரு முழம் பழைய துடுப்புக் காம்பை வைத்திருக்கிறேன். கயிற்றை அதில் நாலு சுற்றுச் சுற்றி, தரையில் உட்கார்ந்து, ஒரு காலை எக்ஸ்டென்ஷனின் அடியில் ஊன்றி, முதுகை நேராக வைத்து, காலால் தள்ளுகிறேன். பலம் தொடையிலிருந்து வர வேண்டும். இழுக்க இழுக்கக் கண் உச்சியில் இருக்கட்டும். பாயின் குறுக்கே ஓடும் சட்டங்களைப் பேட்டன் என்போம்; முதலில் மேல் இரண்டு பேட்டன்களுக்கு நடுவில் விளிம்பு தளரும், பிறகு அதற்கு அடுத்த இடைவெளியும். சில பாய்களில் தளர்ச்சி எதுவரை உள்ளே வர வேண்டும் என்று சின்னப் புள்ளி அச்சிட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் பேட்டன்களைப் பாருங்கள். அவற்றின் முன்முனை மாஸ்டின் அகலத்தில் பாதிவரைதான் வந்திருக்க வேண்டும். மாஸ்டைத் தாண்டி முழுவதும் மூடி நின்றால் இழுப்பு போதவில்லை. கடைசியில் பாயின் கப்பிக்கும் எக்ஸ்டென்ஷனுக்கும் நடுவில் விரல் அளவு இடைவெளி இருந்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அக்கா மகன் முதல் தடவை இழுத்து, முகம் சிவந்து, "இனி வராது மாமா" என்றான். இன்னும் 4 சென்டிமீட்டர் வந்தது.

அந்த நேரத்தில் அப்பா வெளியே வந்தார். 71 வயது. முதலில் கட்டுமரம், அப்புறம் இன்ஜின் வைத்த வள்ளம், இப்போது கடலுக்குப் போவதில்லை. நாங்கள் பாயைத் தூக்கி நிறுத்தினோம். அவர் உச்சியையே பார்த்தார்.

"இது என்ன மக்களே, மேல தொங்குது? காத்து முழுசும் வீணாப் போவுமே."

நான் எதுவும் விளக்கவில்லை. பூமை அவர் கையில் கொடுத்தேன். மதியக் காற்று தென்னைகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்தது. அவர் பாயைக் கொஞ்சம் உள்ளே இழுத்துப் பிடித்தார். ஒரு வீச்சு வந்தது. மேல்பகுதி மெல்ல விலகித் திறந்து, திரும்பி வந்தது. அவர் கால் நகரவில்லை. இன்னொரு வீச்சுக்காகக் காத்திருந்து, அதையும் பிடித்துப் பார்த்தார். பிறகு அக்கா மகனிடம் சொன்னார், "பருமல் மாதிரியில்லா இருக்கு. பருமல் வளைஞ்சு குடுக்காட்டி மரம் கவுந்துரும்." பருமல் என்பது கட்டுமரத்துப் பாயைத் தாங்கும் நீளக் கழி. காற்று பலமாக வந்தால் அதன் நுனி வளைந்து பாயைத் திறக்கும் என்றார். என் சிறுவயதில் நான் விளிம்பை மட்டும்தான் பார்த்திருக்கிறேன், கழியைப் பார்க்கவில்லை. துபாயில் ஒரு வேற்றுநாட்டுக்காரரிடம் கற்றது அப்பாவின் கட்டுமரத்திலேயே இருந்திருக்கிறது. அன்று மாலை வரை அதே நினைப்பாக இருந்தேன்.

அவுட்ஹாலுக்கு இவ்வளவு பலம் வேண்டாம். கயிற்றைப் பூம் நுனியில் கோர்த்து, தொய்வு போகும் வரை இழுத்து, அதற்கு மேல் 2 அல்லது 3 சென்டிமீட்டர் மட்டும் இழுத்தால் போதும். மாஸ்டின் அடியைத் தரையில் ஊன்றிக் காற்றைப் பிடித்துப் பாருங்கள். வயிறு பிடித்த பாய் பூமை லேசாகத் தொடலாம், அதன்மேல் சாய்ந்து கிடக்கக் கூடாது. காற்று குறைவென்றால் கொஞ்சம் தளர்த்தி வயிறு கொடுங்கள், கூடினால் இறுக்கித் தட்டையாக்குங்கள். அப்பாவின் கட்டுமரத்தில் பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றுக்கு இணையான வேலை இது இல்லை. தாமானைப் போகிற போக்கிலேயே இழுக்கவும் விடவும் செய்வார்கள். இங்கே அந்த வேலையைப் பூமைப் பிடித்த கைகள் செய்கின்றன. பேட்டன் உறையில் செங்குத்தாகச் சுருக்கம் தெரிந்தால் அதற்கான சின்ன அறுகோணச் சாவியால் சுருக்கம் போகும் வரை இறுக்கினால் ஆயிற்று.

மாஸ்டைப் போர்டோடு சேர்க்கிற மூட்டை ஒவ்வொரு தடவையும் வளைத்துப் பாருங்கள். ரப்பர் மாதிரியான அந்தத் துண்டில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் அன்று தண்ணீரில் இறங்கக் கூடாது. அது அறுந்தால் பாய் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். அதோடு சேர்ந்து ஒரு பாதுகாப்புப் பட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாத் திசையிலும் மடங்குகிற இந்த மூட்டுதான் விண்ட்சர்ஃபிங்கின் உயிர். கலிபோர்னியாவில் ஜிம் டிரேக், ஹாயில் ஷ்வைட்சர் என்ற இரண்டு பேர் 1968இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது இந்த அமைப்புக்குத்தான். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் ஒலிம்பிக்குக்குள்ளும் வந்துவிட்டது. போர்டில் சுக்கான் கிடையாது. பாயை முன்னால் சாய்த்தால் போர்டு காற்றை விட்டு விலகும், பின்னால் சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். "பாய்மரத்த ஊனவே வேண்டாமா?" என்று அப்பா அந்த மூட்டை நாலைந்து தடவை மடக்கிப் பார்த்தார்.

கட்டிய பாயைத் தரையில் வைக்கும்போது மாஸ்ட் பக்கம் காற்றைப் பார்த்து இருக்கட்டும். தூக்கிப் போகும்போதும் மாஸ்ட் காற்றுப் பக்கம், பூம் நுனி எதிர்ப்பக்கம். மாறி வைத்தால் காற்று அடியில் புகுந்து தூக்கும். ஒரு தடவை என் பாய் அப்படித்தான் எழும்பி உருண்டு, பக்கத்து வீட்டு அக்கா காயப் போட்டிருந்த கருவாட்டின் மேல் போய் விழுந்தது. நல்லவேளை, குழந்தைகள் யாரும் அந்தப் பக்கம் இல்லை. அன்று முதல் கட்டி முடித்த பாயை எக்ஸ்டென்ஷனோடு சேர்த்துத் தென்னையில் ஒரு கட்டுக் கட்டாமல் திண்ணைக்குக்கூடப் போவதில்லை. பாயைப் போர்டில் பொருத்துவது தண்ணீரில், முழங்கால் ஆழத்தில். மணலில் வைத்துப் பொருத்தினால் போர்டின் அடியில் நிற்கும் ஃபின் என்ற துடுப்பில் பாரம் விழும்.

அவிழ்ப்பது தலைகீழ் வரிசை. முதலில் அவுட்ஹால், அப்புறம் டவுன்ஹால், பிறகு பூம். டவுன்ஹாலைச் சட்டென்று விடாமல், காம்பில் சுற்றிப் பிடித்துக்கொண்டு மெதுவாக விடுங்கள். உப்பு போக நல்ல தண்ணீர் ஊற்றி, நிழலில் காயவிட்டு, உச்சியிலிருந்து சுருட்டிக்கொண்டு வர வேண்டும். கப்பிகளிலும் மாஸ்ட் மூட்டிலும் இரண்டு செம்பு கூடுதலாக ஊற்றுங்கள்.

ஞாயிறு முழுவதும் நாலு தடவை கட்டி நாலு தடவை அவிழ்த்தோம். கடைசித் தடவை நான் கை வைக்கவில்லை. அவனே 18 நிமிடத்தில் கட்டினான். செவ்வாய்க்கிழமை மதியம் 3 மணிக்குப் பூவாற்றுக்குப் போனோம். படகுக்காரர்களிடம் சொல்லிவிட்டு, அவர்கள் போகிற பாதைக்கு அப்பால், மணல் திட்டுப் பக்கம் இறங்கினோம். ஏழெட்டுத் தடவை விழுந்தான். பாயைத் தண்ணீரிலிருந்து தூக்கும் கயிற்றை முதுகால் இழுத்ததற்கு நான் கரையிலிருந்து சத்தம் போட்டேன். ஒன்பதாவது தடவையோ பத்தாவதோ, நின்றான். 40 மீட்டர் போனான். நடுவில் ஒரு வீச்சு வந்தது, தண்ணீரில் கறுப்பாக ஓடி வருவது தெரிந்தது. பாயின் மேல்பகுதி திறந்து மூடியது. அவன் விழவில்லை. திட்டில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

காற்று பலக்கிற நாட்களுக்குச் சின்னப் பாயையும் கட்டப் பழக வேண்டும் என்று திரும்பும் வழியில் சொன்னேன். நேற்று காலை பார்த்தால், திண்ணைச் சுவரில் சாக்கட்டியால் எழுதி வைத்திருக்கிறான்: 4.5. லஃப் 406. மாஸ்ட் 400. எக்ஸ்டென்ஷன் 6.